பாதி முடிச்சு

அன்புள்ள ஐயா,

ஒரு சகோதர அமைப்பின் (உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரராக நினைத்துப் பழகும் சங்கம்) இளைஞர் பிரிவுக்கு 7 வருடமாகப் பொறுப்பாளராக இருக்கிறேன். பையன்கள் 12 வயதில் சேருவார்கள், 21 முடிந்ததும் விடைபெறுவார்கள். உறுதிமொழி, சடங்கு, பதவி, பட்டை எல்லாம் உண்டு. எங்கள் கிளையில் மொத்தம் 31 பேர்.

ஊரடங்கு வந்ததும் கூட்டத்தை ஜூமுக்கு மாற்றினேன். முதல் கூட்டத்துக்கு 28 பேர் வந்தார்கள். போன வாரம் 6 பேர். அதிலும் 4 பேர் கேமராவை அணைத்துவிட்டார்கள். ஆனால் இதே பையன்களில் எட்டுப் பத்துப் பேர் ராத்திரி வெகுநேரம் ஒன்றாகச் சேர்ந்து மொபைலில் கேம் ஆடுகிறார்களாம். ஒரு தாயார் சொன்னார். மனது விட்டுப்போய்விட்டது.

போன மாதம் ஒரு பையனின் அப்பா கொரோனாவில் இறந்துவிட்டார். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டோம். மறுநாள் அவன் குழுவை விட்டு வெளியேறிவிட்டான். என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன்.

இந்த வருடம் இரண்டு பேருக்கு 21 முடிகிறது. அவர்களை எப்படி அனுப்புவது? நிலைமை சரியாகும் வரை கிளையை மூடிவைத்துவிடலாமா?

அன்புடன்,
ஒரு பொறுப்பாளர் (பெயர் வேண்டாம்)
ஜூன் 2021

*

அன்புள்ள நண்பருக்கு,

மூடாதீர்கள். மூடிவைத்துவிட்டுத் திரும்பத் திறக்கும்போது உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று சொன்னது 2020 மார்ச் 11 அன்று. 15 மாதம் ஓடிவிட்டது. உங்கள் அமைப்பில் ஒரு பையன் இருக்கப்போவதே 9 வருடம். அதில் ஏழில் ஒரு பங்கு போயாயிற்று. 13 வயதுப் பையன் இதற்குள் குரல் உடைந்து, மீசை அரும்பி வேறு ஆளாகியிருப்பான். அதைவிட எனக்குக் கவலை தருவது, கை மாறுவது நின்றுபோனதுதான். இந்த மாதிரி அமைப்புகளில் நாம் பெரியவர்கள் நேராகக் கற்றுக்கொடுப்பது ரொம்பக் கொஞ்சம். 17 வயது அண்ணன் 14 வயதுத் தம்பிக்குச் சொல்லித்தருகிறான். எங்கே நிற்க வேண்டும், உறுதிமொழியில் எந்த வரியில் மூச்சு வாங்க வேண்டும், பட்டையை எப்படி மடித்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் இறங்கி வருகிறது. இரண்டு செட் அண்ணன்கள் சொல்லித்தராமலே போய்விட்டால், நாளைக்கு நீங்கள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்த வேண்டியிருக்கும். அப்புறம் அதுவும் ஒரு வகுப்பாகிவிடும்.

கேம் விஷயத்துக்கு வருகிறேன். அது உங்களைப் புண்படுத்தியிருக்கிறது, புரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தி அதுதான். யாரும் கூப்பிடாமல், வருகைப் பதிவேடு இல்லாமல், எட்டுப் பத்துப் பேர் தினமும் கூடுகிறார்கள். உறவு நன்றாகத்தான் இருக்கிறது. ஏன் அங்கே கூடுகிறார்கள், உங்களிடம் வருவதில்லை? காலையிலிருந்து ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்து அலுத்துப்போனது ஒரு காரணம். இன்னொன்று, அந்த ஆட்டத்தில் நாலு பேர் கொண்ட அணியில் ஒருவன் வராவிட்டால் மற்ற மூவரும் மாட்டிக்கொள்வார்கள். உடனே போன் வரும், “எங்கடா இருக்கே?” என்று. உங்கள் ஜூம் கூட்டத்தில் 31 பேரில் ஒருவன் வராவிட்டால் எதுவும் நிற்காது. அவனுக்கும் அது தெரியும். தான் இல்லாமல் ஒரு வேலை நிற்கும் என்று தெரிந்தால் பையன்கள் வருவார்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த ஆட்டத்துக்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிடாதீர்கள். அது அவர்களுடைய இடம்.

எனக்கு 13 வயதில் மஞ்சள் காமாலை வந்தது. இரண்டு மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. அப்போது நான் சாரணன், எங்கள் அணியில் 7 பேர். அணித் தலைவராக இருந்த அண்ணன் ஒரு நோட்டைச் சுற்றுக்கு விட்டார். ஒவ்வொருவன் வீட்டிலும் ஒரு ராத்திரி இருந்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வரும். அன்றைக்கு நடந்ததை எழுதியிருப்பார்கள், படம் வரைந்திருப்பார்கள். ஒரு நாள் வந்த நோட்டின் நடுப்பக்கத்தில் இரண்டு ஓட்டை. அதன் வழியாக ஒரு சாண் சணல் கயிறு. அதில் ஒரு முடிச்சைப் பாதி போட்டு விட்டிருந்தான் ஒருவன். கீழே பென்சிலில், “மீதியை நீ போடு. தப்பாகப் போட்டால் அண்ணன்கிட்ட எனக்குத்தான் திட்டு.” படுக்கையில் உட்கார்ந்து எட்டுத் தடவை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டேன். சணல் நார் நாராகப் பிரிந்துவிட்டது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. சீக்கிரம் குணமாக வேண்டும் என்று அந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள், ஒருவர் சொன்னதும் ஞாபகம் இல்லை. அந்த முடிச்சு ஞாபகம் இருக்கிறது. நான் தப்பாகப் போட்டால் இன்னொருவன் திட்டு வாங்குவான், அதனால் நான் இன்னும் அணியில்தான் இருக்கிறேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

இதே யோசனை அதற்கு வெகுகாலம் முன்பே நடைமுறையில் இருந்திருக்கிறது என்று பிற்பாடு படித்தேன். 1915ல் அமெரிக்காவில் டபிள்யூ. டி. பாய்ஸ் என்ற பத்திரிகை அதிபர் லோன் ஸ்கவுட்ஸ், அதாவது தனிச் சாரணர்கள், என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார். ஒதுக்குப்புறமான பண்ணைகளில், அணி சேர்க்க அக்கம்பக்கத்தில் ஆளில்லாமல் இருந்த பையன்களுக்காக. பெரும்பாலும் தபால்தான். அமைப்பின் பத்திரிகையில் பையன்களே எழுதினார்கள். அது போதாமல் தாங்களே சின்னச் சின்னப் பத்திரிகைகள் போட்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். 1924ல் பெரிய சாரணர் அமைப்போடு இணையும் வரை இப்படி ஓடியது. பிரிட்டனில் லோன் கைட்ஸ் என்ற தனிச் சாரணியர் அமைப்பின் பெண்கள் ஒரே கடிதக் கட்டைத் தபாலில் சுற்றவிட்டார்கள். ஒருத்தி படித்துவிட்டுத் தன் பங்கைச் சேர்த்து அடுத்தவளுக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் எல்லோருக்கும் தாமதம். நேரில் பார்க்காதவர்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். உங்கள் பையன்கள் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள்.

அதனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் 31 பேரை 5 அணியாகப் பிரிப்பேன். நாலு அணியில் 6 பேர், ஒன்றில் 7 பேர். ஒவ்வொன்றிலும் 18 வயதுக்காரனும் இருக்க வேண்டும், 12 வயதுக்காரனும் இருக்க வேண்டும். சிநேகிதர்களை ஒன்றாகப் போடாதீர்கள், அவர்கள் எப்படியும் பேசிக்கொள்வார்கள். வாரம் ஒரு செய்தி. தலைவன் அடுத்தவனுக்குப் போனில் சொல்ல வேண்டும், அவன் அடுத்தவனுக்கு, கடைசி ஆள் திரும்பத் தலைவனுக்கு. குழுவில் செய்தி போடக் கூடாது, வாயால் பேச வேண்டும். ஞாயிறு சாயங்காலத்துக்குள் சுற்று முடியவில்லையென்றால் எங்கே அறுந்தது என்று தலைவனுக்குத் தெரிந்துவிடும். அவன் உடனே போய் விசாரிப்பான். அந்த விசாரிப்புக்காகத்தான் இந்த ஏற்பாடே. வீட்டில் ஒரே போன், அதில் தங்கைக்கு வகுப்பு நடக்கிறது என்பதால் 3 மாதமாக ஒருவன் வராமல் இருந்திருக்கலாம். உங்கள் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே “வரவில்லை” என்று மட்டும்தான் இருக்கும்.

தபால் ஓடுகிறதென்றால் அணிக்கு ஒரு நோட்டையும் சுற்றுக்கு விடுங்கள். காகிதத்தில் தொற்று வராதா என்று பெற்றோர் கேட்பார்கள். தொட்ட பொருள் வழியாகப் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்த ஏப்ரலில் விளக்கியிருக்கிறது. அதைச் சொல்லுங்கள். கையைக் கழுவிக்கொண்டால் போதும்.

ஜூம் கூட்டத்தை நிறுத்த வேண்டாம், ஆனால் சுருக்குங்கள். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தோடு கூட்டம் தானாக முடிந்துவிடும். அந்த 40 நிமிடமே போதும், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. நீங்கள் பேசாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு அணி நடத்தட்டும். சொதப்பினாலும் பரவாயில்லை. தொடக்க உறுதிமொழியை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். நேரில் கையைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டிய சடங்குகளைத் திரையில் செய்து பார்க்காதீர்கள். முதல் தடவையே அதை அரைகுறையாகப் பார்க்கிற பையனுக்கு அது கடைசி வரை அரைகுறைதான். கேமராவைப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். பின்னால் தெரிகிற வீட்டைக் காட்டக் கூச்சப்படுகிறவர்கள் இருப்பார்கள்.

இதில் கறாராக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. எந்த ஆன்லைன் கூட்டத்திலும் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தச் சிறுவனோடும் தனியாகச் செய்தி பரிமாறக் கூடாது, நீங்கள் உட்பட. நேரில் கூடும்போது இருக்கிற இந்த விதி திரையில் தளர்ந்துபோக எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

செயல்பாடு என்று கேட்டால், பையன்களுக்கு வேலை கொடுங்கள். 1918 இன்ஃப்ளூயன்சாவின்போது நியூயார்க்கில் தெருவில் துப்புகிறவர்களிடம் சாரணச் சிறுவர்கள் போய், “சுகாதார விதியை மீறுகிறீர்கள்” என்று அச்சடித்த அட்டையைக் கொடுத்தார்கள். இன்றைக்கு நம்மால் பிள்ளைகளைத் தெருவில் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. ஆனால் உங்கள் அமைப்பின் மூத்த உறுப்பினர்களில் தனியாக இருக்கிறவர்கள் எத்தனை பேர்? ஒரு அணிக்கு இரண்டு பெரியவர்கள். வாரம் இரண்டு தடவை போன், தலைவனும் ஒரு தம்பியும் சேர்ந்து, வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது. மருந்து தீர்ந்துவிட்டதா, தடுப்பூசிக்குப் பதிவு செய்ய உதவி வேண்டுமா என்று கேட்கட்டும். அந்தப் பெரியவர்களிடம் அந்தக் காலத்துக் கூட்டங்கள் எப்படி நடந்தன என்று கேட்டு நோட்டில் எழுதிவரட்டும். கை மாறுவது நின்றுபோனது என்று மேலே சொன்னேனே, அது கொஞ்சம் இதிலும் சரியாகும்.

21 முடிகிற இருவரை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். விதிப்படி பதவி முடியட்டும். விடைபெறும் சடங்கை, முதன்முதலாக எல்லோரும் நேரில் கூடுகிற நாளுக்கு என்று இப்போதே எழுத்தில் உறுதி கொடுங்கள், உங்கள் கையெழுத்தோடு. அதுவரை அவர்களுக்கு ஒரே வேலை. தாங்கள் வகித்த பதவியைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் அடுத்து வருகிறவனுக்கு உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

கடைசியாக, அப்பாவை இழந்த அந்தப் பையன். டிமோலே என்ற இளைஞர் அமைப்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1919ல், மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டியில், இன்ஃப்ளூயன்சா உலகத்தைப் புரட்டிப்போட்டு ஓயாத நேரத்தில் தொடங்கியது. ஃபிராங்க் லேண்ட் என்பவரிடம் தந்தையை இழந்த லூயிஸ் லோவர் என்ற பையன் வந்தான். லேண்ட் அவனுக்குப் பகுதி நேர வேலை கொடுத்தார், அவனோடு பேசினார், உன் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அவன் 8 பேரைக் கூட்டி வந்தான். அந்த 9 பேரில் தொடங்கியதுதான் அந்த அமைப்பு.

உங்கள் பையன் குழுவை விட்டு வெளியேறியது கோபத்தால் இருக்காது. முப்பது கைகூப்பும் படங்களுக்கு அவன் என்ன பதில் போடுவான்? அவனைத் திரும்பக் குழுவில் சேர்க்காதீர்கள். முதலில் நீங்கள் அவன் அம்மாவுக்குப் போன் செய்யுங்கள், அவருக்கு என்ன தேவை என்று கேளுங்கள். அவன் பேச வந்தால் பேசுங்கள், வராவிட்டால் விடுங்கள். அப்புறம் அவன் வயதை ஒட்டிய ஒருவனை, அவனோடு நன்றாகப் பழகுகிறவனை, தினமும் ஒரு தடவை கூப்பிடச் சொல்லுங்கள். ஆறுதல் சொல்ல வேண்டாம், கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினாலும் சரி. நோட்டு சுற்றுக்கு வரும்போது அவன் பெயர் அந்த வரிசையில் இருக்கட்டும், ஆனால் முதலில் வேண்டாம். நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ போகட்டும். அவன் கைக்கு வரும்போது மற்றவர்களின் கையெழுத்து அதில் இருக்கும். அவன் ஒன்றும் எழுதாமல் அடுத்தவனுக்கு அனுப்பினாலும், அனுப்பினானே என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்