புது டயர் போட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறது, கார் ஒரு பக்கம் இழுக்கிறது: டயர் நிறுவனத்தின் மேல் புகார் கொடுக்கலாமா?

நான்கு புது டயர் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வேகமெடுத்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, பிடி தளர்ந்தால் கார் இடது பக்கம் போகிறது, மூன்று முறை அலைன்மென்ட் செய்தும் பயனில்லை, கடைக்காரர் சாலையைக் குறை சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

புகார் கொடுக்கலாம். ஆனால் இப்போதிருக்கும் நிலையில் கொடுத்தால் அது நிற்காது. நீங்கள் சொல்வது ஒரு குறை அன்று, இரண்டு. நடுக்கம் வேறு, இழுப்பு வேறு. இரண்டையும் சேர்த்தே சொல்லியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் மூன்று முறையும் ஒரே வேலையைச் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் காரில் புது டயர் போட்ட மறுவாரமே, மணிக்கு 90 கிலோமீட்டரைத் தொட்டால் ஸ்டீயரிங் அதிரத் தொடங்கியது. விற்ற கடையில் கோபமாகப் பேசினேன். அலைன்மென்ட் செய்தார்கள், மறுபடியும் செய்தார்கள், அதிர்வு அப்படியே இருந்தது. பிறகு வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் காரைத் தொடவே இல்லை, கேள்விதான் கேட்டார். எந்த வேகத்தில் தொடங்குகிறது? அதைத் தாண்டினால் குறைகிறதா? நடுங்குவது ஸ்டீயரிங்கா, இருக்கையா? பிரேக் மிதிக்கும்போது மட்டும் வருகிறதா? முதல் கேள்விக்கு மட்டுமே எனக்குப் பதில் தெரிந்தது. ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் திரும்பி வந்து சொன்னதும், முன் இடது சக்கரத்தைக் கழற்றி இயந்திரத்தில் சுற்றவிட்டார். ரிம்மின் உள்விளிம்பு நசுங்கியிருந்தது. வெளியே நின்று பார்த்தால் கண்ணுக்கே படாத இடம். டயரில் ஒரு குறையும் இல்லை. மறுநாள் அந்தப் பழைய கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அலைன்மென்ட் என்பது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது. இழுப்புக்கும், டயர் ஒரு ஓரமாகத் தேய்வதற்கும் அது மருந்து. வேகத்தில் வரும் நடுக்கத்துக்குப் பார்க்க வேண்டியது பேலன்சிங். அதாவது டயரும் ரிம்மும் சேர்ந்த எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்பது. ஒரு பக்கம் சில பத்து கிராம் கூடினாலே வேகத்தில் கை உணர்ந்துவிடும். ஸ்டீயரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம், இருக்கை நடுங்கினால் பின் சக்கரம், பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக் டிஸ்க். பேலன்சிங் செய்தும் போகவில்லை என்றால், சக்கரம் சுற்றும்போது ரிம் நெளிகிறதா என்று பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள்.

இனி இழுப்பு. முதலில் காற்றழுத்தம். கார் சில மணி நேரம் நின்று டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. பலர் அதைப் பார்த்துக் காற்றடித்துவிட்டு டயர் நடுவில் தேய்கிறது என்று வருந்துகிறார்கள்.

அழுத்தம் சரியாக இருந்தால், முன் டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றி மாட்டி ஓட்டிப் பாருங்கள். (பக்கச்சுவரில் சுழலும் திசைக்கான அம்புக்குறி இருந்தால் இப்படி மாற்றக் கூடாது.) இதுவரை இடது பக்கம் இழுத்த கார் இப்போது வலது பக்கம் இழுத்தால், குறை டயரில்தான். உள்ளே இருக்கும் பெல்ட் அடுக்கு நடுவிலிருந்து விலகி அமைந்துவிட்டால், டயர் கூம்புபோல ஒரு பக்கமாகவே உருளப் பார்க்கும். எந்த அலைன்மென்ட்டாலும் அது தீராது. உங்கள் புகாருக்கு உண்மையான பலம் இந்தச் சோதனைதான். மாற்றியும் இடது பக்கமே இழுத்தால் அலைன்மென்ட் அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள்; ஒரு பக்கப் பிரேக் விடாமல் பிடிக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் ஓரம் சரிந்திருக்கும், எந்தக் காரும் அந்தப் பக்கம் லேசாக நகரும். சமதளத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

புகார் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஓடும்போதே டயரின் மேல்பகுதி பிய்ந்து கார்கள் உருண்டு பலர் உயிரிழந்தார்கள். உரிமையாளர்களின் புகார்கள் குவிந்ததும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். அதே ஆண்டு வந்த சட்டத்தால்தான் அங்கே காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு பின்னர் கட்டாயமானது. உங்கள் காரில் அந்த விளக்கு இருந்தாலும் அதையே நம்பியிருக்க வேண்டாம். அந்த விதிப்படி அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால் எரிந்தால் போதும். 32 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயர் 24-க்கு இறங்கும்வரை அது பேசாமல் இருக்கலாம்.

புகாரோடு டயரின் தயாரிப்புத் தேதியையும் எழுதுங்கள். பக்கச்சுவரில் 'டாட்' (DOT) எனத் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அதைச் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 'புது டயர்' என்று சில ஆண்டுகள் கிடங்கில் கிடந்ததை மாட்டிவிடுவதும் உண்டு.

பக்கச்சுவரில் எங்காவது புடைப்பு தெரிந்தால் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதை ஒட்ட முடியாது, எந்த நேரமும் வெடிக்கலாம். அன்றே ஸ்டெப்னியை மாட்டிவிடுங்கள்.

இடம் வலம் மாற்றியபின் நட்டுகளை எதிரெதிராகச் சரியான அளவுக்கு முறுக்கச் சொல்லி, 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். கார் எந்தப் பக்கம் இழுத்தது என்று இங்கே எழுதினால், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதை என்னால் சொல்ல முடியும்.