பழைய தள்ளுவண்டிக்குப் பெயின்ட் வேண்டாம்

கேள்வி: இரும்புப் பட்டா போட்ட மரச்சக்கரம், மரச்சட்டம், தகரத்தொட்டி கொண்ட பழைய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி ஒன்று கிடைத்திருக்கிறது. துருவெல்லாம் எடுத்துப் பெயின்ட் அடித்து, மண் நிரப்பிப் பூச்செடி வைக்கலாமா?

பதில்: பெயின்ட் டப்பாவை மூடி வையுங்கள். கைப்பிடியின் நுனியைத் தடவிப் பாருங்கள்: உள்ளங்கை பட்டுப் பட்டு மரம் வழவழவென்று கறுத்திருக்கும். அரை அடி தள்ளி அதே மரம் சொரசொரப்பாக இருக்கும். வண்டியின் அழகே அங்கேதான். ஒரு கை எனாமல் அடித்தால் எல்லாம் ஒன்றாகிவிடும்.

உதிர்கிற துருவை மட்டும் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் எடுங்கள். ஒட்டிய பழுப்பு இருக்கட்டும், மேலே தேன்மெழுகு தேயுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உப்புத்தாளால் தேய்க்காமல் ஈரத்துணியால் துடைப்பதோடு விடுங்கள். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி கலந்து பூசி, 20 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பிசுபிசுப்பு லேசில் போகாது. துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்! விரித்துக் காயவிடுங்கள்.

பட்டா ஆடினால் மரம் சுருங்கிவிட்டது என்று பொருள். ஊறவைத்தால் அப்போதைக்கு இறுகும், காய்ந்ததும் மறுபடி லொடலொடக்கும். வட்டைக்கும் (சக்கரத்தின் மர விளிம்பு) பட்டாவுக்கும் நடுவே மெல்லிய மர ஆப்பு அடியுங்கள். மண்ணில் பதிந்த சக்கரம் அடியிலிருந்து உளுத்துப்போகும். அச்சுக்குக் கீழே கல் கொடுத்துத் தூக்கி வையுங்கள்.

மண்ணை நேரே கொட்ட வேண்டாம். பூந்தொட்டிகளை உள்ளே அடுக்கினால் போதும். அப்போதும் நீர் தேங்கும். ஒரு குவளை ஊற்றிப் பார்த்து, தேங்குகிற இடத்தில் 10 மி.மீ. துளைகள் ஐந்தாறு போடுங்கள்.

கேள்வி: கலைஞர்கள் யாராவது இந்த வண்டியை மதித்திருக்கிறார்களா?

பதில்: 1937-இல் அமெரிக்கக் கலைஞர் மேன் ரே எடுத்த புகைப்படம் ஒன்றில், ஸ்பானிய ஓவியர் ஆஸ்கர் டொமிங்கெஸ் செய்த தள்ளுவண்டி இருக்கிறது. உள்ளே சாட்டின் மெத்தை. சாய்ந்து படுக்கலாம், மண் அள்ள முடியாது. எனக்குப் பிடித்தது டச்சு வடிவமைப்பாளர் ரீட்வெல்ட் 1923-இல் குழந்தைக்காக வடிவமைத்த பொம்மை வண்டி. சக்கரம் முழு வட்டம், பக்கப்பலகை முக்கோணம், சிவப்பு மஞ்சள் நீலம் என்று அடிப்படை நிறங்கள். பக்கவாட்டில் பார்த்தால்தான் அந்த வடிவம் பிடிபடும். உங்கள் வண்டியையும் வருகிறவர் கண்ணுக்குப் பக்கவாட்டில் தெரிகிற மாதிரி நிறுத்துங்கள்.