ஔவையார் பேச்சுப் போட்டி: எது பாட்டு, எது கதை?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. பள்ளிப் பேச்சுப் போட்டியில் 'ஔவையார்' தலைப்பு, ஐந்து நிமிடம். பிள்ளையாரிடம் வேண்டி இளமையிலேயே கிழவியானார், திருவள்ளுவரின் தங்கை, அதியமான் நெல்லிக்கனி கொடுத்தான், பாரி மகளிருக்குக் கல்யாணம் செய்து வைத்தார், முருகனிடம் சுட்ட பழம் வாங்கினார் என்று மாமியார் சொன்னதையெல்லாம் எழுதி வைத்தோம். கல்லூரியில் படிக்கும் என் தம்பி மகன், "அத்தை, அதெல்லாம் கதை. ஔவையார் ஒருத்தர் இல்லை. அதிலும் ஒருத்தர் கள் குடித்தவர்" என்கிறான். எதை வைப்பது, எதை விடுவது? தமிழ் இலக்கியம் படிக்காத நான் எப்படிச் சரிபார்ப்பது? வெள்ளைச் சேலையும் கோலும் வேறு வாங்கியாகிவிட்டது.

பதில்: தம்பி மகன் சொல்வதில் பெரும்பகுதி சரி. அதற்காக மாமியார் சொன்னதைக் கிழித்துப் போட வேண்டாம். அதில் ஒன்று உறுதியான செய்தி, மற்றவை பிற்காலத்துக் கதை. எது எது என்று பார்ப்போம்.

முதலில் பெயர். 'ஔவை' என்ற சொல்லுக்குத் தாய், மூதாட்டி, தவப்பெண் என்றெல்லாம் பொருள் உண்டு. தெலுங்கில் பாட்டியை இன்றும் 'அவ்வ' என்கிறார்கள். தெருவுக்கு நாலு ஆச்சி இருப்பதுபோல ஆயிரம் வருஷத்தில் பல ஔவைகள் இருந்திருக்கலாம். எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. இரண்டு என்பவரும் உண்டு, ஆறு வரை போனவரும் உண்டு. ஐந்து நிமிடப் பேச்சுக்கு இரண்டு போதும். ஒருவர் சங்க காலத்தில் 59 பாடல்கள் பாடியவர் (அதில் 33 புறநானூற்றில்). இன்னொருவர் பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி தந்தவர்.

இருவரும் ஒருவர் இல்லை என்பதற்குச் சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். நல்வழி புத்தகத்தின் கடைசி வெண்பா, 40ஆவது, எடுத்துப் பாருங்கள்:

தேவர் குறளும் திருநான் மறைமுடிவும்
மூவர் தமிழும் முனிமொழியும் - கோவை
திருவா சகமும் திருமூலர் சொல்லும்
ஒருவா சகமென் றுணர்

மூவர் தமிழ் என்றால் அப்பர், சம்பந்தர், சுந்தரர் பாடிய தேவாரம். 7, 8ஆம் நூற்றாண்டு. திருவாசகம் அதற்கும் பின்னால் என்பதே பொதுக் கருத்து. அதியமான் காலமோ ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன். அவன் கையால் நெல்லிக்கனி வாங்கியவர் திருவாசகத்தின் பெயரைச் சொல்ல வழியே இல்லை. பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போகும்போதெல்லாம் நான் கேட்பது இந்தத் தவறைத்தான்: "அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவை ஆத்திசூடி பாடினார்." இந்த ஒரு வாக்கியத்தை மகள் தவிர்த்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

இனி ஒவ்வொரு கதைக்கும் நீங்கள் கேட்க வேண்டியது, இதை முதலில் சொன்னது யார், எவ்வளவு காலம் கழித்து என்பதுதான்.

நெல்லிக்கனியையே எடுத்துக்கொள்வோம். புறநானூறு 91இல் வாங்கியவரே பேசுகிறார்: கனியின் அருமையை நீ மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, 'சாதல் நீங்க எமக்கீத் தனையே' (நான் சாகாதிருக்க எனக்குக் கொடுத்தாயே) என்கிறார். போதாதென்று, சிறுபாணாற்றுப்படையில் இன்னொரு புலவர், நல்லூர் நத்தத்தனார், 'அமிழ்துவிளை தீங்கனி ஔவைக்கு ஈந்த' அதிகன் என்று பாடியிருக்கிறார். வாங்கியவர் வாக்கு ஒன்று, வேறொரு புலவர் வாக்கு ஒன்று. இதைவிட நல்ல சாட்சி பழங்காலத்துப் பெண் ஒருவரின் வாழ்க்கைக்குக் கிடைப்பது அரிது. அதியமான் மரபு நிஜம் என்பதற்குக் கல்லிலும் சான்று உண்டு. திருக்கோவிலூர் பக்கம் ஜம்பை என்ற ஊரில் 1981இல் கண்டறிந்த தமிழி (பழந்தமிழ்) எழுத்துக் கல்வெட்டில் 'அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி', அதாவது அவன் கொடுத்த குகை இருப்பிடம், என்று இருக்கிறது. ஆனால் அந்தக் கல்லில் ஔவை பெயர் இல்லை, கவனம். கனி தின்றால் சாவு வராது என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அதனால் அவர் பல நூறு வருஷம் வாழ்ந்தார் என்று சொல்வது, எல்லா ஔவைகளையும் ஒரே ஆளாக்கப் பின்னால் போட்ட முடிச்சு.

அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற மன்னனிடம் ஔவை தூது போனதும் அடிக்கடி வரும். புறநானூறு 95ஆம் பாட்டு அருமையான கிண்டல்: இங்கே ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிப் பத்திரமாக இருக்கின்றன, அங்கே எங்கள் தலைவனுடையவையோ எதிரியைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ஆனால் 'தூது' என்ற செய்தி பாட்டுக்குள் இல்லை. பாட்டின் அடியில் பிற்காலத்தார் எழுதிச் சேர்த்த குறிப்பில்தான் இருக்கிறது. நம்பத் தகுந்த குறிப்புதான், பேச்சில் தாராளமாக வைக்கலாம். பாட்டு வேறு, அடிக்குறிப்பு வேறு என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

கதை எப்படி வளர்கிறது என்று பார்க்கப் பாரி மகளிரைவிட நல்ல உதாரணம் கிடையாது. பாரி இறந்த பின் அவன் பெண்களை அழைத்துக்கொண்டு மன்னர்களிடம் போய் "இவர்களை மணந்துகொள்" என்று கேட்டவர் புலவர் கபிலர். புறநானூறு 200, 201, 202 பாடல்களைப் பாருங்கள்: விச்சிக்கோவும் மறுத்தான், இருங்கோவேளும் மறுத்தான். கல்யாணம் நடந்ததாக அங்கே பேச்சே இல்லை. பெண்களின் பெயரும் இல்லை, வெறும் 'பாரி மகளிர்'. சுமார் ஆயிரம் வருஷம் கழித்து, ராஜராஜ சோழன் காலத்துத் திருக்கோவிலூர்க் கல்வெட்டு, கபிலர் பாரியின் பெண்ணை மலையன் என்ற தலைவனுக்குக் கொடுத்துவிட்டுத் தீயில் புகுந்தார் என்கிறது. அதற்கும் பின்னால் வந்த தனிப்பாடல் (எந்த நூலிலும் சேராமல் தனியே வழங்கிய பாட்டு) கதைகளில் பெண்களுக்கு அங்கவை, சங்கவை என்று பெயர் வந்துவிட்டது. மூவேந்தருக்கும் ஓலை போகிறது. கல்யாணத்தை முன்னின்று நடத்துபவர் ஔவையார். பாவம் கபிலர், அவர் பட்ட பாடு முழுவதும் ஔவை கணக்கில் சேர்ந்துவிட்டது. புகழ் பெற்றவர்களுக்கு இது எப்போதும் நடப்பதுதான். ஊரில் யார் செய்த நல்ல காரியமும் தெரிந்த ஒரு பெயரில்தான் போய் ஒட்டிக்கொள்ளும்.

வள்ளுவரின் தங்கை என்ற கதை கபிலர் அகவல் என்னும் பிற்கால நூலில் இருக்கிறது. ஆதிக்கும் பகவனுக்கும் ஏழு பிள்ளைகள்: உப்பை, உறுவை, ஔவை, வள்ளி, அதிகமான், கபிலர், வள்ளுவர். அதாவது நெல்லிக்கனி கொடுத்தவனும் கூடப்பிறந்தவன் ஆகிவிடுகிறான்! சங்கப் பாட்டில் இதற்குத் துளி ஆதாரம் இல்லை. இதை விட்டுவிடுங்கள்.

சுட்ட பழம்? அதற்கு ஆதாரமாகச் சொல்லும் தனிப்பாடலில் இருப்பது இவ்வளவுதான்: 'காரெருமை மேய்க்கின்ற காளைக்கு நான்தோற்றது ஈரிரவும் துஞ்சாதென் கண்.' எருமை மேய்க்கும் ஒரு பையனிடம் தோற்றதில் இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று என்கிறார். முருகனும் இல்லை, நாவல் மரமும் இல்லை. எனக்கென்னவோ முருகனைவிட அந்த எருமைக்காரப் பையன்தான் பிடித்திருக்கிறது. மகளுக்கும் பிடித்தால், "மக்கள் சொல்லி வந்த கதை" என்ற ஒரு சொல்லை முன்னால் போட்டுக்கொண்டு சொல்லட்டும். அப்படிச் சொன்னால் அது பொய்யும் ஆகாது, சபையும் சிரிக்கும்.

இப்போது சிக்கலான இரண்டு. கிழவியானது, கள்.

சங்க ஔவையின் 59 பாடல்களில் பிள்ளையார் எங்கும் இல்லை. 89ஆம் புறப்பாட்டில் பகை மன்னன் ஒருவன் அவரைப் பார்த்து 'மடவரல் உண்கண் வாணுதல் விறலி' என்கிறான். மை தீட்டிய கண், ஒளி வீசும் நெற்றி, ஆடிப்பாடும் பெண். புலவர் ஒரு விறலியின் குரலை எடுத்துக்கொண்டு பாடியிருக்கவும் கூடும். ஆனாலும் கோலூன்றிய பாட்டியை இந்தப் பாட்டில் தேடினால் கிடைக்க மாட்டார். நம் மனசில் இருக்கும் உருவம் ஆத்திசூடிப் பாட்டியுடையது. 1953இல் வந்த 'ஔவையார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாளும், 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் வைத்த சிலையும் அதை உறுதிப்படுத்திவிட்டன.

கள் விஷயம் உண்மை. அதியமான் இறந்தபோது பாடிய 235ஆம் பாட்டு 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்றுதான் தொடங்குகிறது. கொஞ்சம் கள் கிடைத்தால் முழுவதும் எங்களுக்கே தருவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான். அப்புறம் வரும் ஓரடி இன்னும் நெருக்கமானது: நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். இனி அதெல்லாம் இல்லையே என்று அழுகிறார். அன்றைக்குப் பாணர் சபையில் கள் சாதாரணம். ஏழாம் வகுப்புக் குழந்தை மேடையில் கள்ளைப் பற்றிப் பேச வேண்டுமா என்பது உங்கள் முடிவு. நானாக இருந்தால் தலை தடவும் அடியை வைத்துக்கொண்டு கள்ளை விட்டுவிடுவேன். விடலாம், 'பால்' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

சரிபார்க்க: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் புறநானூறு மூலமும் உரையும் இலவசமாகக் கிடைக்கின்றன. யாராவது ஒரு செய்தி சொன்னால் "எந்தப் பாட்டு, எத்தனையாவது எண்?" என்று கேளுங்கள். எண் வந்தால் போய்ப் பாருங்கள். எண் வராவிட்டால் "கதை" என்ற பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தம்பி மகனையும் இதே கேள்வி கேட்கலாம், தப்பில்லை.

சேலையும் கோலும் வீணாகாது. ஆத்திசூடி சொல்லும்போது கோல் கையில் இருக்கட்டும். அதன்பின் கோலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு 206ஆம் பாட்டுக்கு வரச் சொல்லுங்கள். அதியமான் பரிசு தரத் தாமதித்ததால் ஔவை வாயிற்காவலனிடம் கோபித்துக்கொண்டு கிளம்பும் பாட்டு அது: 'காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை.' யாழைத் தோளில் போட்டாயிற்று, மூட்டையைக் கட்டியாயிற்று. 'எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே.' எந்தப் பக்கம் போனாலும் அங்கே எங்களுக்குச் சோறு உண்டு. அந்த இடத்தில் மகள் தோளில் ஒரு துணிப்பை இருந்தால் போதும்.