ராஜினாமா கடிதம் இப்போது வேண்டாம்

கேள்வி: எனக்கு 41 வயது. வீடு திருவொற்றியூர் காலடிப்பேட்டையில். மணலியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் 11 வருடமாக வேலை. ரத்தப் புற்றுநோய்க்காக, தங்கை கொடுத்த ஸ்டெம் செல்லை வைத்து எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்து இன்று 19-ஆவது நாள். நகரின் தெற்கே உள்ள மருத்துவமனையில் தனி அறையில் இருக்கிறேன். ரத்த அணுக்களின் கவுண்ட் ஏற ஆரம்பித்துவிட்டது, அடுத்த வாரம் டிஸ்சார்ஜ் ஆகலாம் என்கிறார்கள். பில் 13 லட்சம். ஆபீஸ் காப்பீடு 7 லட்சத்தில் கீமோவுக்கே 2.5 லட்சம் போனதால் மீதி 4.5 லட்சம்தான் இதற்குக் கிடைத்தது. சேமிப்பு, சீட்டுப் பணம் சேர்த்து 5 லட்சம் கட்டிவிட்டோம். இன்னும் 3.5 லட்சம் வேண்டும். வேலையை விட்டால் பி.எஃப்., கிராஜுவிட்டி சேர்த்து ஆறரை லட்சம் வரும். அம்மா பெயரில் உள்ள வீட்டை உடனே வாங்க ஒருவர் தயார். தெரிந்தவர் ஒருவர் மூன்று ரூபாய் வட்டிக்குத் தருகிறார். மனைவியிடம் 18 சவரன் இருக்கிறது, அதைத் தொட மனம் வரவில்லை. எது சரி?

பதில்: கவுண்ட் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும்தான் மற்றதைப் படிக்கத் தெம்பு வந்தது. தங்கைக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்ன நான்கு வழிகளில் இரண்டு, போனால் திரும்பி வராதவை: வேலையும் வீடும். அந்த அறையில் படுத்துக்கொண்டு இந்த இரண்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 3.5 லட்சத்துக்காக அவசரத்தில் விற்கும் வீட்டுக்கு நியாயமான விலை கிடைக்காது. வாங்குகிறவருக்கு உங்கள் அவசரம் தெரியும். அம்மா எங்கே போவார் என்பது வேறு கேள்வி.

வேலை விஷயத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் உங்கள் கண்ணுக்குச் சுலபமாகத் தெரிகிறது. ராஜினாமா செய்தால் பணம் மறுநாளே வந்துவிடாது. ஆனால் வேலையை விட்டு நீங்கும் அன்றோடு ஆபீஸ் காப்பீடு பெரும்பாலும் போய்விடும். வெளியே புதிதாகத் தனி பாலிசி கேட்டால், இந்த நோய் வரலாற்றைப் பார்த்துவிட்டு எந்த நிறுவனமும் லேசில் கொடுக்காது. அதே நேரம், ஆபீஸ் பாலிசி வருடா வருடம் புதுப்பிக்கப்படும்போது உங்களுக்கு மறுபடியும் முழு 7 லட்சம் கிடைக்கும். இந்த சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சல், கிருமித் தொற்று, தங்கையின் செல்கள் உங்கள் தோலையும் குடலையும் தாக்குவது (ஜி.வி.எச்.டி. என்று டாக்டர் சொல்லியிருப்பார்) என்று ஏதாவது ஒன்றுக்காக மறுபடியும் அட்மிட் ஆவது சகஜம். அப்போது அந்தப் புது 7 லட்சம் வேண்டும். இன்னொன்றும் உண்டு. பி.எஃப். உறுப்பினராகப் பணியில் இருக்கும்வரை இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீடும் கூடவே இருக்கிறது, அதிகபட்சம் 7 லட்சம். இதைப் பற்றி இப்போது பேச எனக்கும் கூச்சம்தான். ஆனாலும் பி.எஃப். கணக்கில் நாமினியாக மனைவி பெயர் இருக்கிறதா என்று மட்டும் போனில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆகவே ராஜினாமாவுக்குப் பதில் சம்பளமில்லா விடுப்பு. எச்.ஆருக்கு டாக்டர் சான்றிதழோடு எழுத்தில் அனுப்புங்கள், வாய்வார்த்தை போதாது. அதே கடிதத்தில் இன்னொன்றையும் கேளுங்கள்: நம் குரூப் பாலிசியில் கார்ப்பரேட் பஃபர் இருக்கிறதா? பல நிறுவனங்களின் பாலிசியில், ஒருவருடைய தொகை தீர்ந்துபோனால் பெரிய நோய்க்கு எடுத்துக் கொடுக்க ஒரு பொதுத் தொகை தனியாக வைத்திருப்பார்கள். அது உங்கள் அட்டையில் அச்சாகியிருக்காது, நிர்வாகம் பரிந்துரைத்தால்தான் திறக்கும். பழைய வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து இத்தனை வருடமாக இப்படிப் பண விஷயத்தில் யோசனை சொல்லும் வேலையைத்தான் பார்க்கிறேன். இதைக் கேட்டுப் பார்த்தேன் என்று சொன்ன தொழிலாளியை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

டிஸ்சார்ஜுக்கு முன்பே மருத்துவமனையின் சமூகப் பணியாளரையும் மனைவி பார்க்கட்டும். பில்லில் தள்ளுபடி, தவணை, பிரதமர் நிவாரண நிதிக்கு மனு எல்லாம் அவர் வழியாகத்தான் நகரும். அந்த நிதி கட்டி முடித்த பில்லுக்குத் திருப்பித் தராது, அதனால் முந்த வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உங்கள் சம்பளத்துக்குப் பொருந்தாது.

சரி, இதெல்லாம் எதுவும் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்கு வேண்டியது 3.5 லட்சம் இல்லை, 5.5 லட்சம். டிஸ்சார்ஜ் அன்று கடைசி ரூபாயையும் கவுண்டரில் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவதுதான் இந்த சிகிச்சையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. முதல் 100 நாள் வாரத்துக்கு இரண்டு முறை ரத்தப் பரிசோதனை, மாத்திரை, போக்குவரத்து என்று ஓடும்.

போக்குவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவமனை நகரின் தெற்கே. கூட்டம் ஆகாது என்பதால் விம்கோ நகர் மெட்ரோ இப்போதைக்கு இல்லை, டாக்ஸிதான். போக 700, வர 700 என்றால் வாரத்துக்கு 2,800. பதினான்கு வாரத்துக்கு 39,200. மருத்துவமனைப் பக்கத்தில் 13,000 வாடகைக்குச் சின்ன வீடு பிடித்தால் மூன்று மாதத்துக்கு 39,000. கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்புவார்களே, அது ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால்? எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நிற்கும் நேரம் அது. நானாக இருந்தால் வாடகை வீடுதான் எடுப்பேன். லாரிப் புழுதியும் இருக்காது. நீங்கள் வருவதற்காகக் காலடிப்பேட்டை வீட்டுக்கு வெள்ளையடிப்பதாக இருந்தால், நீங்கள் அங்கே திரும்புவதற்கு நன்றாக முன்பே முடித்துவிடட்டும். சுரண்டும் தூசியில் பூஞ்சைத் தொற்று வரும்.

வாடகை 39,000, வீட்டுச் செலவு மாதம் 18,000 வீதம் 54,000, மீதி ஒரு லட்சத்துச் சொச்சம் மருந்துக்கும் பரிசோதனைக்கும். அதுதான் அந்தக் கூடுதல் 2 லட்சம். மருந்தில் சிக்கனம் பார்க்கலாம், ஆனால் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரைகளின் பிராண்டை டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது. ரத்தத்தில் அதன் அளவு கொஞ்சம் மாறினாலும் வம்பு.

இந்த 5.5 லட்சம் எங்கிருந்து? வேலையில் இருந்துகொண்டே பி.எஃப்.-இல் நோய்ச் செலவுக்கு ஒரு பகுதியை ஆன்லைனில் எடுக்கலாம். அதில் 1.5 லட்சம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மீதி 4 லட்சத்துக்கு நகை. விற்க வேண்டாம், வங்கியில் அடகு வையுங்கள். 18 சவரனில் பத்து போதும். தொட மனம் வரவில்லை என்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பெட்டிக்குத் திரும்பி வரக்கூடிய சொத்து அது ஒன்றுதான். வங்கியில் 10 சதவீதம் என்றால் 4 லட்சத்துக்கு வருடத்துக்கு 40,000 வட்டி. அந்த மூன்று ரூபாய் வட்டியில் மாதமே 12,000, வருடத்துக்கு 1,44,000.

தண்டல்காரர் வாசலுக்கு வந்தாலும் வேண்டாம். பத்தாயிரம் என்று சொல்லி 8,500 கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாயாக நூறு நாள் வாங்குவார். கணக்குப் போட்டால் வருட வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டும். உங்களுக்கும் நூறு நாள், அவருக்கும் நூறு நாள்!

பெரிய நோய்ச் செலவுக்கு வருமான வரியில் 40,000 வரை கழிவு உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் காப்பீட்டில் வந்த தொகையைக் கழிக்க வேண்டும். உங்களுக்கு வந்ததோ லட்சங்களில், அதனால் இந்த வருடம் அது பூஜ்யம்.

பணம் கொடுக்க முடியாத நண்பர்கள் இருப்பார்கள். அவர்களிடம் பிளேட்லெட் கேளுங்கள், இன்னும் சில வாரம் அது தேவைப்படலாம்.

அப்புறம் அந்த மருந்துக்கடை ரசீதுகள். வழவழப்பான தாளில் அச்சடித்தவை கொஞ்ச நாளில் மங்கி வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். பஃபர் கிடைத்தால் ஒவ்வொன்றையும் கேட்பார்கள். இன்றைக்கே மனைவியை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி, தேதி வரிசையில் நகல் எடுத்து ஃபைலில் போடச் சொல்லுங்கள்.