நர்ஸ் அக்கா பதில்கள்: யாரும் ஒதுக்கவில்லை, ஆனால்…

கேள்வி: எனக்கு 26 வயது. பன்னிரண்டாவது படிக்கும்போது வலிப்பு வந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேன், மூன்று வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. போன மாதம் தர்மபுரிக்கு மாத்திரை வாங்கப் போனபோது, ஆராய்ச்சி செய்கிற பெண் ஒருத்தி, "வலிப்பு இருப்பதால் மற்றவர்கள் உங்களோடு இருக்கச் சங்கடப்படுகிறார்களா? மட்டமாக நடத்துகிறார்களா? ஒதுக்குகிறார்களா?" என்று கேட்டாள். மூன்றுக்கும் இல்லை என்றேன். உண்மைதான், எங்கள் தெருவில் யாருக்குமே தெரியாது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு கனத்துப் போச்சு. அக்கா குழந்தைக்கு ஏழு மாதம். நான் இதுவரை தூக்கியதில்லை. தூக்காதே என்று யாரும் சொன்னதும் இல்லை. இதையெல்லாம் எதற்கு அளக்கிறார்கள், சிஸ்டர்?
(வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: கண்ணு, அந்தக் குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அங்கேயே நின்றுவிட்டேன்.

உன்னிடம் கேட்ட மூன்று கேள்விகள் இங்கிலாந்தில் ஆன் ஜேக்கபி என்ற ஆராய்ச்சியாளர் உருவாக்கியவை. பல நாடுகளில் இவற்றைக் கேட்கிறார்கள். மூன்றுமே அடுத்தவர் உன்னை எப்படி நடத்துகிறார் என்பதைப் பற்றியவை. யாருக்கும் தெரியாதபோது யார் ஒதுக்கப் போகிறார்கள்? 1986-இல் ஸ்கேம்ப்ளர், ஹாப்கின்ஸ் என்ற இருவர் இதைத்தான் எழுதினார்கள்: நேரடியாக ஒதுக்கப்பட்டதைவிட, ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயமும் கூச்சமும்தான் வலிப்பு உள்ளவர்களை அதிகம் வாட்டியிருக்கிறது. அந்தப் பயத்தில் மறைக்கிறார்கள். மறைப்பதால் யாரும் ஒதுக்குவதில்லை. மூன்று கேள்விக்கும் 'இல்லை' என்றே பதில் வந்து, தாளில் பூஜ்யம் விழுகிறது.

அப்படி ஒரு பூஜ்யத்தை நானே போட்டிருக்கிறேன். நான் நர்ஸாக இருந்தபோது, வரிசையில் நின்ற ஒரு பெண்ணிடம், கணவர் பக்கத்தில் நிற்கும்போதே, "யாராவது ஒதுக்குறாங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்லீங்க சிஸ்டர்" என்றாள். சொல்லிக்கொண்டே மாத்திரைகளை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி, காலி பவுடர் டப்பாவில் போட்டாள். வீட்டில் மாமியார் கண்ணில் அட்டை படக் கூடாதாம். நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். அது என் தப்பு, இன்னும் உறுத்துகிறது.

வலிப்பால் வரும் இந்தக் கூச்சத்தையும் ஒதுக்கலையும் அளக்க, கென்யாவின் கிலிஃபி என்ற ஊரில் தயாரித்த அளவுகோலில் 15 கேள்விகள், மொத்தம் 30 மார்க். அது மனசுக்குள்ளேயும் எட்டிப் பார்க்கிறது. வலிப்பால் நீ மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவள் என்று நினைக்கிறாயா, உன்மேலேயே ஏமாற்றமாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கும். மார்க் கூடினால் மனசில் பாரம் கூடியிருக்கிறது என்றுதான் அர்த்தம், நீ மோசம் என்று அர்த்தமில்லை. வலிப்பு எத்தனை தடவை வந்தது என்று மட்டும் எண்ணினால் உன்னை 'நலம்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள், குழந்தை விஷயம் யாருக்கும் தெரியாது. அளந்தால்தான், பேசி ஆறுதல் கொடுத்த பிறகு பாரம் குறைந்ததா என்று பார்க்க முடியும். இன்னொன்று, மறைப்பவர்கள் உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். நின்றிருந்த வலிப்பு அதனாலேயே திரும்ப வருகிறது.

கல்யாணப் பேச்சு வந்தால் இதையும் தெரிந்துகொள்: வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாது என்று சொல்ல இடம் கொடுத்த வார்த்தையை 1999-இலேயே இந்து திருமணச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சரி, குழந்தைக்கு வருவோம். கிணற்றில் தனியாக இறங்காதே, குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டாதே என்றால் அது எச்சரிக்கை, நானும் சொல்வேன். தொடவே மாட்டேன் என்பது எச்சரிக்கை இல்லை, கண்ணு. பாயை விரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார். அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொல். குழந்தையை அவளே உன் மடியில் வைக்கட்டும். அடுத்த தடவை மாத்திரை வாங்கப் போகும்போது அந்தப் பெண் இருந்தால், தாளில் இல்லாத இந்த விஷயத்தையும் அவளிடம் சொல். எழுதிக்கொள்ளட்டும்.