சுறாவ விட பெரிய பூச்சியா?

கேள்வி: அஞ்சாவது படிக்கிற என் பேரன், சுறாவ விட பெரிய பூச்சி ஒண்ணு இருக்குன்னு சாதிக்கிறான். தொண்டியில இருந்து வர்ற பால்சுறாவ எத்தனை வருஷமா புட்டுக்கு வாங்குறேன், ஒவ்வொண்ணும் முழ நீளம் இருக்கும். பய கதை விடுறானா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: பேரன் சொன்னது நெசந்தான் ஆச்சி. ஆனா அது பால்சுறா இல்ல, ட்வார்ஃப் லேன்டர்ன் ஷார்க்னு ஒண்ணு, குட்டி விளக்குச் சுறான்னு வச்சுக்கலாம், வளந்து முடிச்சாலே 20, 21 சென்டிமீட்டர்தான். பூச்சி, அட்லஸ் அந்துப்பூச்சி. றெக்கைய விரிச்சா 24, 25 சென்டிமீட்டர் வரும். உங்க வீட்டு ஆத்தங்குடி கல்லுல பாத்தா டக்குனு புரிஞ்சிரும், எட்டு இஞ்ச் கல்லுல அந்த சுறாவ மூக்குலருந்து வால் வரைக்கும் படுக்க வச்சிரலாம், பூச்சிக்கு பத்து இஞ்ச் கல்லு வேணும். ஆனா நாம ஒண்ணோட றெக்கை அகலத்தையும் இன்னொண்ணோட உடம்பு நீளத்தையும்தான் வச்சுப் பாக்குறோம், பூச்சியோட உடம்பு விரல் அளவுதான், இதையும் பேரன்கிட்ட சொல்லிருங்க.

நம்ம பக்கம் வறண்ட பூமி, அத பாக்க மலைக்குத்தான் போகணும். வால்பாறையில ஒரு மழை ராத்திரி நான் பாத்தேன், டியூப் லைட்டுக்குக் கீழ சுவத்துல அப்பிக்கிட்டு இருந்துச்சு, செங்கல் பொடி நிறம், ஒவ்வொரு றெக்கையிலயும் கண்ணாடிச் சில்லு பதிச்ச மாதிரி முக்கோணமா ஒரு இடம், அது வழியா பின்னாடி சுண்ணாம்பு தெரியுது, மேல் றெக்கை நுனி அப்படியே பாம்புத் தலை. இத்தனை பெருசா இருந்தும் அதால ஒரு வாய் திங்க முடியாது ஆச்சி, தின்னுறதுக்கு வாயே கிடையாது, புழுவா இருந்தப்ப தின்னு சேத்த கொழுப்ப வச்சே ஒண்ணு ரெண்டு வாரம் ஓட்டி, சோடி சேந்து முட்டை போட்டதும் ஆயுசு முடிஞ்சிரும். இருக்கிற நாலு நாள இந்த லைட்டுக்கிட்டயே கழிச்சிரப் போகுதேன்னு சுவிட்ச அணைச்சேன், கொஞ்ச நேரத்துல போயிருச்சு.

சுறா இருக்குறது கொலம்பியா, வெனிசுலா பக்கம் கரீபியன் கடல்ல, 280 மீட்டர்லருந்து 440 மீட்டர் ஆழத்துல. 1985லதான் அதுக்கு அறிவியல் பேரே வச்சாங்க. வயித்துப்பக்கம் மினுக்கு மினுக்குன்னு தானா ஒளி விடும், மேலருந்து இறங்குற மங்கல் வெளிச்சத்தோட அது கலந்துர்றதால கீழருந்து அண்ணாந்து பாக்குற மீனுக்கு நிழலே தெரியாது. பெரிய சுறா மாதிரி ஆளக் கடிக்குமோன்னு பேரன் கேட்டா, பயப்பட வேணாம்னு சொல்லுங்க. ஈத்துக்கு ரெண்டு மூணு குட்டிதான் போடும், பொறக்கும்போது ஒவ்வொண்ணும் உங்க சுண்டுவிரல் நீளம்.