மூணாவது எஸ்டேட் குடும்பத்துக்கு பட்ஜெட் போட முடியுமா?

கேள்வி: சார், பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ஹிஸ்டரில பிரெஞ்சுப் புரட்சி பாடம் ஓடுது. "ஏம்ப்பா, எனக்கு மட்டும் உண்டியல் வாங்கிக் குடுத்து சேமி சேமின்னு சொல்றீங்களே, அந்த மூணாவது எஸ்டேட் ஆளுங்களும் சேத்து வச்சு முன்னேறியிருக்கலாம்ல"ன்னு கேக்குறா. நீங்க அப்போ அங்க ஆலோசகரா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

பதில்: மாசாமாசம் பணம் போடுற எஸ்ஐபி பத்தின கேள்வியாவே பாத்து அலுத்துப் போன நேரத்துல நல்ல கேள்வி அனுப்பிருக்கீங்க.

அப்போ பிரான்ஸ்ல பாதிரிமார் முதல் எஸ்டேட், பிரபுக்கள் ரெண்டாவது, மத்த சனம் எல்லாம் மூணாவது. அதுல முதல்ல பாரிஸ் கூலிக்காரர். 1789 ஆரம்பத்துல நாள் கூலி 20லருந்து 30 சூ, சூங்கிறது அப்போ இருந்த பிரெஞ்சுக் காசு, 20 சூ சேந்தா ஒரு லீவ்ர். நாலு பவுண்டு ரொட்டி ஒண்ணு பதினாலரை சூ, நாலு பேர் இருக்குற வீட்டுக்கு தினம் ரெண்டு வேணும், ஆக ரொட்டிக்கே 29 சூ போயிடும். வாடகை, விறகு எல்லாம் அதுக்கப்புறம். இவர்கிட்ட போய் எமர்ஜென்சி ஃபண்டுன்னு ஆரம்பிச்சா அடிதான் விழும்.

விவசாயி கதை வேற, அவர்கிட்ட கொஞ்சம் காசு இருந்தாலும் வெளிய காட்ட முடியாது. 'தாய்'னு ஒரு வரி, பிரெஞ்சுக்காரங்க உச்சரிப்புல நம்ம தாய் மாதிரியேதான் கேக்கும், ஆனா குணம் மாற்றாந்தாய். பிரபுக்களும் பாதிரிமாரும் அதைக் கட்ட வேணாம், நிறைய மாகாணத்துல ஆள் எவ்ளோ வசதியா தெரியுறாரோ அதைப் பாத்துதான் தொகையே போடுவாங்க. எழுத்தாளர் ரூசோ வாலிப வயசுல லியோன் பக்கம் நடந்து போறப்போ பசிக்குதுன்னு ஒரு விவசாயி வீட்டுல நுழைஞ்சிருக்காரு, அவரு ஆடை எடுத்த பாலும் மட்டமான பார்லி ரொட்டியும்தான் குடுத்தாரு, அப்புறம் இவன் உளவாளி இல்லன்னு நம்பிக்கை வந்ததும் அடுப்படிக்குப் பக்கத்துல தரையில இருந்த கதவைத் தூக்கி, கீழ இறங்கி, நல்ல கோதுமை ரொட்டி, பன்றித் தொடைக்கறி, ஒயின்னு கொண்டு வந்து வச்சு, கூடவே ஆம்லெட்டும் போட்டுக் குடுத்தாராம். கடைசில காசு குடுத்தா வாங்க மாட்டேங்குறாரு, பயத்துல நடுங்குறாரு. நான் பட்டினி கிடக்கலன்னு தெரிஞ்சா வரிக்காரன் என்னை அழிச்சிடுவான்கிறதுதான் பயம். சேமிப்பே குத்தமாகிப் போன ஊர்ல உண்டியலை எங்க வைக்கிறது, தரைக்கு அடியிலதான்.

மூணாவது ஆள், நல்லா சம்பாதிச்ச வியாபாரி. இவரும் அதே மூணாவது எஸ்டேட்தான், பாடத்துல இதைத்தான் வேகமா தாண்டிப் போயிடுறாங்க. இவருக்கு நான் மனசாட்சியை ஓரமா வச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லியிருப்பேன்: கடைய வித்து ராஜா விக்கிற பதவி வாங்குங்க. ராஜாவோட செயலாளர்னு ஒரு பதவி, வேலைன்னு பெருசா ஒண்ணும் கிடையாது, 1780கள்ல விலை சுமார் 1,20,000 லீவ்ர், இருபது வருஷம் வச்சிருந்தாலோ பதவியிலயே செத்தாலோ வம்சமே பிரபு வம்சம், தாய் வரி கிடையாது. நம்ம கூலிக்காரர் ஒரு சூ கூட செலவழிக்காம முன்னூறு வருஷத்துக்கு மேல உழைச்சா வாங்கலாம். வாட்ச் செய்றவர் மகன், நாடகம் எழுதுற பொமார்ஷே 1761ல இதை வாங்கினாரு, என் பிரபுத்துவத்துக்கு ரசீதே இருக்குன்னு பின்னாடி கிண்டலும் அடிச்சாரு. சர்ச் இன்னும் கெட்டிக்காரத்தனம், எல்லாரும் கட்டணும்னு 1695ல வந்த தலைவரிக்கு 1710ல 2.4 கோடி லீவ்ர் ஒரே செட்டில்மெண்ட்டா குடுத்துட்டு மொத்தமா வெளிய வந்துட்டாங்க.

ராஜா பக்கம் பாத்தா இன்னைக்குக் கையில காசு, ஆனா நாளைக்கு வரி கட்டுற ஆள் ஒருத்தர் குறைஞ்சாரு. அந்த பாரம் யார் தலைல? தரைக்கு அடியில ரொட்டிய ஒளிச்சவர் தலைலதான். வியாபாரத்துல ஓட வேண்டிய பணமும் பட்டத்துல போய் முடங்கிடுச்சு. அதனால பொண்ணுகிட்ட சொல்லுங்க, அங்க சேத்து வச்சு முன்னேறினவங்களும் இருந்தாங்க, முன்னேறினதும் முதல் வேலையா அந்த எஸ்டேட்டை விட்டே கிளம்பிட்டாங்க.

அந்த பதவி முதலீடு என்னாச்சுன்னு கேப்பா, இதையும் சொல்லிடுங்க. 1789 ஆகஸ்ட் 4 ராத்திரி, புரட்சியில உருவான தேசிய சபை பிரபுக்கள், பாதிரிமார் சலுகையோட சேத்து பதவி விக்கிறதையும் ரத்து பண்ணிடுச்சு. போட்ட காசுக்கு நஷ்டஈடா அசிஞான்னு காகிதப் பணம் குடுத்தாங்க, அது மதிப்பு சரிஞ்சு சரிஞ்சு, 1796 பிப்ரவரியில அச்சடிக்கிற சாமானையே பாரிஸ் வான்டோம் சதுக்கத்துல போட்டுக் கொளுத்திட்டாங்க.